அரங்கின் ஒலி: சிம்பொனி இசைப்பதிவுகளின் வரலாறு

சிம்பொனி இசைக்குழு என்பது எண்பது முதல் நூறு கலைஞர்கள் ஒரே மேடையில் அமர்ந்து வாசிக்கும் அமைப்பு. வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் ஆகிய வில் வாத்தியங்கள் முன்னால் இருக்கும். புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன் ஆகியவை நடுவிலும், கொம்பு, டிரம்பெட், டிராம்போன் போன்ற பித்தளை வாத்தியங்களும் முரசுகளும் பின்னாலும் அமையும். இவர்கள் எவருக்கும் ஒலிபெருக்கி கிடையாது. வாத்தியத்திலிருந்து புறப்படும் ஒலி சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி, நேரே வந்த ஒலியோடு கலந்து காதை அடைகிறது. பெரிய அரங்கின் நடுவரிசையில் அமர்ந்திருப்பவர் கேட்பதில் பெரும்பங்கு இப்படித் திரும்பி வந்த ஒலிதான்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் வாலஸ் சபைன் 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் இதை அளந்து காட்டினார். வாசிப்பு நின்ற பிறகு எஞ்சும் ஒலி 60 டெசிபல் குறைய ஆகும் நேரமே ஓர் அரங்கின் எதிர்முழக்க நேரம். அவருடைய கணக்கைக் கொண்டு கட்டப்பட்டு 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்கில், ஆட்கள் நிறைந்திருக்கும்போது அது இரண்டு விநாடிக்குச் சற்றுக் குறைவு. பிராம்ஸோ புருக்னரோ எழுதிய ஒரு சுரக்கூட்டு கனிந்து நிற்பதும் கரைவதும் அந்தச் சிறு இடைவெளிக்குள்தான். ஆகவே ஒரு சிம்பொனியைப் பதிவு செய்வதென்றால் வாசிப்பவர்களோடு கட்டடத்தையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. தொடக்க காலப் பதிவுக் கருவிகளால் அது இயலவில்லை. இயலத் தொடங்கியபின் இசைப்பதிவின் வரலாறு, எந்த அரங்கில் எந்த இடத்தில் ஒலிவாங்கியை வைப்பது என்ற கேள்வியைச் சுற்றியே நகர்ந்தது.

கூம்பின் முன்னால்

தாமஸ் எடிசன் போனோகிராஃபை 1877இல் உருவாக்கினார். தட்டையான தட்டில் பதியும் கிராமபோனுக்கு எமில் பெர்லினர் 1887இல் காப்புரிமை கோரினார். அது முதல் 1925 வரை இசைத்தட்டுப் பதிவில் மின்சாரத்துக்கு இடமில்லை. வாசிப்பவர் முன் ஓர் உலோகக் கூம்பு இருக்கும். அதன் குறுகிய முனையில் ஒரு சவ்வு. சவ்வோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் தடத்தைக் கீறும். ஊசியை அசைக்கும் ஆற்றல் முழுவதும் வாத்தியத்திலிருந்தே வர வேண்டும். ஒற்றைப் பாடகருக்கு இந்த ஏற்பாடு பொருந்தியது. என்ரிகோ கரூசோவின் புகழ் கூம்பின் வழியாகத்தான் உலகெங்கும் பரவியது. நூறு பேர் கொண்ட இசைக்குழுவுக்கு அது எவ்வகையிலும் ஏற்றதாக இல்லை.

ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 2500 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் உள்ள அதிர்வுகள் மெழுகில் பெரும்பாலும் பதியவில்லை. டபுள் பாஸின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பது. அதன் அடிப்படை ஒலி தட்டில் வருவதற்கே வழியில்லை. வயலினை வயலின் என்று காட்டும் மேல்சுரங்களும் அறுந்துபோயின. எனவே டபுள் பாஸின் பகுதியை டூபா வாசித்தது. மரப்பெட்டிக்குப் பதிலாக உலோகக் கூம்பு பொருத்திய ஸ்ட்ரோ வயலின், சாதாரண வயலினின் இடத்தைப் பிடித்தது. அகஸ்டஸ் ஸ்ட்ரோ அதற்கு 1899இல் காப்புரிமை கோரியிருந்தார். கொம்பு வாத்தியத்தின் வாய் பின்னோக்கி இருப்பதால் அதை வாசிப்பவர்கள் கூம்புக்கு முதுகு காட்டி அமர்ந்து, நடத்துநரின் கையசைவைக் கண்ணாடியில் பார்த்து வாசித்தனர். சிறிய அறையில் தோளோடு தோள் உரச நெருக்கி உட்கார்ந்த முப்பது, நாற்பது பேர்தான் அன்றைய ‘சிம்பொனி இசைக்குழு’. மென்மையாக வாசித்தால் ஊசி அசையாது. உரத்து வாசித்தால் தடம் சிதையும். ஒலியின் ஏற்ற இறக்கத்தையே உயிராகக் கொண்ட இசை, ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வாசிக்கப்பட்டது.

இந்த நிலையிலும் பெரிய முயற்சிகள் நடந்தன. பெர்லின் ஃபில்ஹார்மோனிக் குழுவோடு ஆர்தர் நிகிஷ் 1913 நவம்பரில் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி முழுவதையும் பதிவு செய்தார். எட்டுப் பக்கங்களில் அது மறு ஆண்டு வெளிவந்தது. முழு சிம்பொனியின் முதல் பதிவு என்று இதைச் சொல்வது வழக்கம். ஆனால் ஓடியான் நிறுவனத்துக்காக ஃபிரீட்ரிஷ் கார்க் அதே சிம்பொனியைச் சில ஆண்டுகளுக்கு முன்பே பதிவு செய்திருந்தார். நிகிஷின் தட்டுக்குள்ள பெருமை வேறு. ஐரோப்பாவின் தலைசிறந்த நடத்துநரும் தலைசிறந்த இசைக்குழு ஒன்றும், தட்டை ஒரு வேடிக்கைப் பொருளாகப் பாராமல் கலைக்குரிய ஊடகமாக ஏற்றுக்கொண்டதன் சான்று அது. 1924இல் ஆஸ்கர் ஃபிரீட் மாலரின் இரண்டாம் சிம்பொனியையே பதிவு செய்தார். பெரும் இசைக்குழு, கூட்டுப் பாடகர்கள், தனிப் பாடகர்கள் எல்லோரும் கூம்புக்குள் புகுந்தாக வேண்டும். கேட்கையில் அந்தத் துணிச்சல் இன்றும் வியப்பூட்டுகிறது. இசையோ திரைக்கு அப்பாலிருந்து வருவது போலத்தான் இருக்கிறது.

பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கம் நான்கு முதல் நாலரை நிமிடம் ஓடும். பிழை நேர்ந்தால் மெழுகை எறிந்துவிட்டு முதலிலிருந்து வாசிக்க வேண்டும். வெட்டி ஒட்ட வழியில்லை. நீண்ட படைப்புகள் இரக்கமின்றிச் சுருக்கப்பட்டன. எட்வர்டு எல்கரின் வயலின் கான்செர்ட்டோ முழுதாக வாசித்தால் ஐம்பது நிமிடம் நெருங்கும். வயலின் கலைஞர் மேரி ஹாலோடு எல்கரே நடத்தி 1916இல் பதிவு செய்தபோது அது நான்கு பக்கங்களுக்குள் அடக்கப்பட்டது. தன் படைப்பில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தன் கையாலேயே நீக்க எல்கர் ஒப்பியது, தட்டின் எதிர்காலத்தில் அவர் வைத்த நம்பிக்கையைக் காட்டுகிறது. அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. 1932இல் பதினாறு வயது யெஹுதி மெனுஹினோடு அதே கான்செர்ட்டோவை லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் முழுமையாகப் பதிவு செய்தார். அதற்கு முந்திய ஆண்டு நவம்பரில் அந்தக் கூடத்தைத் திறந்துவைத்து முதல் பதிவை நடத்தியவரும் அவரே.

ஒலிவாங்கி வந்தபின்

எல்கரின் கான்செர்ட்டோவின் அந்த இரண்டு பதிவுகளுக்கும் நடுவில் நேர்ந்தது மின்பதிவு. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஜோசப் மேக்ஸ்ஃபீல்டும் ஹென்றி ஹாரிசனும் தொலைபேசி ஆய்வின் பயனாக ஒலிவாங்கி, மின்பெருக்கி, மின்காந்தக் கீறுகருவி மூன்றையும் இணைத்தனர். 1925 ஏப்ரலில் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவோடு நியூஜெர்சியின் கேம்டன் நகரில் சென்-சான்ஸின் ‘டான்ஸ் மகாப்ர்’ படைப்பை இந்த முறையில் பதிவு செய்தார். சிம்பொனி இசைக்குழுவின் முதல் மின்பதிவாக அது கொள்ளப்படுகிறது. பதியும் எல்லை ஏறத்தாழ 50 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரை விரிந்தது. டபுள் பாஸ் திரும்பி வந்தது. முரசு முரசாக ஒலித்தது.

அதைவிடப் பெரிய மாற்றம், இசைக்குழு அறையைவிட்டு அரங்குக்குப் போக முடிந்தது. ஒலிவாங்கி தூரத்திலிருந்தும் கேட்கும்; எனவே சுவரும் கூரையும் முதன்முறையாகத் தட்டில் இடம்பெற்றன. லண்டனில் மெதடிஸ்ட் சபைக்குச் சொந்தமான கிங்ஸ்வே அரங்கு 1926 முதல் பதிவுகளுக்குப் பயன்பட்டது. ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபவ் அரங்கில் வில்லெம் மெங்கெல்பெர்க் அதே ஆண்டு முதல் பதிவு செய்த தட்டுகளில் வில் வாத்தியங்களுக்குப் பின்னால் ஒரு பெருவெளி இருப்பது நன்றாகப் புலப்படுகிறது.

அரங்கு ஒத்துழைக்காதபோது என்ன ஆகும் என்பதற்கு எதிர்ச்சான்று நியூயார்க்கில் கிடைத்தது. ஆர்த்துரோ டோஸ்கனினிக்காக என்.பி.சி. வானொலி 1937இல் ஒரு சிம்பொனி இசைக்குழுவையே அமைத்தது. அது வாசித்த 8-எச் கூடம் வானொலிக்கென்று கட்டப்பட்டது. எதிர்முழக்கம் மிகக் குறைவு. சுரங்கள் ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனியாக, வறண்டு ஒலிக்கும். டோஸ்கனினியின் வாசிப்பு கடுமையானது, இறுக்கமானது என்ற பெயருக்கு அவருடைய வேகம் பாதிக் காரணமென்றால், அந்தக் கூடத்தின் சுவர்கள் மறுபாதிக் காரணம். அதே முதியவர் 1950களில் கார்னகி அரங்கில் செய்த பதிவுகளையும், 1930களில் பி.பி.சி. சிம்பொனி இசைக்குழுவோடு லண்டனில் செய்த பதிவுகளையும் கேட்டால், பாடுவது போன்ற மென்மையும் அவரிடம் இருந்தது தெரியும். ஒரு கலைஞரைப் பற்றிய தீர்ப்பில் கட்டடத்துக்கும் பங்குண்டு என்பதை இசை வரலாறு எழுதுவோர் பலர் கவனிப்பதில்லை.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுகளின் காலத்துக்கு உச்சமென ஒரே பதிவைச் சொல்ல வேண்டுமானால் அது 1938 ஜனவரி 16 அன்று வியன்னாவின் மூசிக்ஃபெரைன் அரங்கில் நடந்தது. புரூனோ வால்டர் வியன்னா ஃபில்ஹார்மோனிக் குழுவோடு மாலரின் ஒன்பதாம் சிம்பொனியை வாசித்தார். மாலர் இறந்தபின் 1912இல் அதே குழுவோடு அந்தச் சிம்பொனியை முதன்முதலில் அரங்கேற்றியவரும் அவரே. எச்.எம்.வி. இசைத்தட்டு நிறுவனத்தின் ஃபிரெட் கைஸ்பெர்க் பொது நிகழ்ச்சியின்போதே அதைப் பதிவு செய்ய ஏற்பாடு செய்தார். இருபது பக்கங்கள், மெழுகு தீர்வதற்குள் அடுத்த இயந்திரம் ஓடத் தொடங்க வேண்டும். முதல் வயலின் வரிசையின் தலைவர் ஆர்னோல்ட் ரோசே, மாலரின் தங்கை கணவர். எட்டு வாரத்தில் ஜெர்மன் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. யூதர்களான வால்டரும் ரோசேயும் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. ரோசேயின் மகள் அல்மா 1944இல் ஆஷ்விட்ஸ் முகாமில் இறந்தார். அரங்கின் இருமலும் நாற்காலி அசைவும் அந்தத் தட்டில் கேட்கின்றன. அந்த அவையும் அந்தக் குழுவும் மறுபடி கூடவே இல்லை என்று தெரிந்து கேட்பவருக்கு அவை இடையூறாகத் தோன்றுவதில்லை.

நாடாவும் நீண்ட தட்டும்

ஜெர்மனியில் காந்த நாடா வளர்ந்துகொண்டிருந்தது. 1936 நவம்பரில் லண்டன் ஃபில்ஹார்மோனிக் குழு தாமஸ் பீச்சமின் தலைமையில் லுட்விக்ஸ்ஹாஃபனிலுள்ள பி.ஏ.எஸ்.எஃப். நிறுவன அரங்கில் வாசித்ததை அந்நிறுவனம் நாடாவில் பதிந்தது. அப்போது இரைச்சல் மிகுதி. 1940இல் ஜெர்மன் வானொலியின் பொறியாளர்கள் உயர் அதிர்வெண் மின்னோட்டத்தைக் கலந்து நாடாவைக் காந்தமேற்றும் முறையைக் கண்டபின் இரைச்சல் அடங்கியது. போர்க்காலத்தில் வில்ஹெல்ம் ஃபுர்ட்வாங்லர் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் குழுவோடு நடத்திய நிகழ்ச்சிகள் நான்கு நிமிட இடைவெட்டின்றி இப்படித்தான் பதிவாயின. போர் முடிந்ததும் அந்த நாடாக்களைச் சோவியத் படை மாஸ்கோவுக்கு எடுத்துச் சென்றது. 1987இல்தான் பிரதிகள் பெர்லினுக்குத் திரும்பத் தொடங்கின. 1944 செப்டம்பரில் ஹெர்பர்ட் ஃபான் கராயன் நடத்திய புருக்னரின் எட்டாம் சிம்பொனியின் இறுதிப் பகுதி இருதட (ஸ்டீரியோ) ஒலியிலேயே கிடைத்திருக்கிறது. வால்டர் கீசெகிங் வாசித்த பீத்தோவனின் ஐந்தாம் பியானோ கான்செர்ட்டோவின் இருதடப் பதிவில், மென்மையான இடங்களுக்குப் பின்னால் விமான எதிர்ப்புப் பீரங்கிகளின் ஓசை கேட்கிறது.

இங்கிலாந்திலும் போரே பதிவை முன்னேற்றியது. நீர்மூழ்கிக் கப்பல்களின் ஓசையைக் கேட்டே நட்பு எது, பகை எது என்று பிரித்தறியப் பயிற்சித் தட்டுகள் தேவைப்பட்டன. டெக்கா நிறுவனத்தின் ஆர்தர் ஹேடி இதற்காகப் பதிவின் எல்லையை 14,000 ஹெர்ட்ஸ் வரை உயர்த்தினார். போருக்குப்பின் அந்த நுட்பம் இசைக்குத் திரும்பியது. எர்னஸ்ட் அன்செர்மே 1946இல் லண்டன் ஃபில்ஹார்மோனிக் குழுவோடு பதிவு செய்த ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘பெட்ருஷ்கா’ அதன் முதல் பெருவெற்றி.

1948 ஜூனில் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுழற்சியில் ஓடும் எல்.பி. தட்டை அறிமுகப்படுத்தியது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல். பன்னிரண்டு அங்குலத் தட்டுகளில் முதல் எண் பெற்றது மெண்டெல்சனின் வயலின் கான்செர்ட்டோ. நாதன் மில்ஸ்டைன் வாசிக்க, புரூனோ வால்டர் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் குழுவை நடத்தினார். நாடாவும் எல்.பி.யும் சேர்ந்தபின் சிம்பொனியின் ஒரு பகுதியை முறியாமல் கேட்கவும், பிழையான நான்கு சுரங்களை மட்டும் மீண்டும் வாசித்து ஒட்டவும் முடிந்தது.

இந்த ஆண்டுகளில் தென்னிந்தியாவுக்கும் ஒரு பங்குண்டு. வால்டர் லெக் என்ற தயாரிப்பாளர் 1945இல் முதன்மையாகப் பதிவுக்கென்றே லண்டனில் ஃபில்ஹார்மோனியா இசைக்குழுவை நிறுவினார். அதற்கு நிதியுதவி செய்தவர்களில் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார் முக்கியமானவர். ஃபில்ஹார்மோனியா கான்செர்ட் சங்கத்தின் முதல் தலைவரும் அவரே. லண்டனில் நோயோடும் வறுமையோடும் இருந்த ரஷ்ய இசையமைப்பாளர் நிகோலாய் மெட்னரின் படைப்புகளை அவரே வாசிக்கப் பதிவு செய்வதற்கென்று மகாராஜா ஒரு சங்கம் அமைத்தார். மெட்னரின் மூன்று பியானோ கான்செர்ட்டோக்களும் ஃபில்ஹார்மோனியாவோடு பதிவாயின. மூன்றாவதை அவர் மகாராஜாவுக்கே காணிக்கையாக்கினார். 1950 மே 22 அன்று லண்டன் ஆல்பர்ட் அரங்கில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் இறுதிப் பாடல்கள் நான்கையும் கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட் பாட, ஃபுர்ட்வாங்லர் ஃபில்ஹார்மோனியாவை நடத்தி அரங்கேற்றியபோதும் நிதிப் பொறுப்பை ஏற்றவர் மகாராஜாதான். கர்நாடக இசையில் கிருதிகள் இயற்றியவரும், 1964 முதல் 1966 வரை சென்னை மாநில ஆளுநராக இருந்தவருமான அதே மனிதர் இல்லாதிருந்தால் மெட்னரின் கை வாசித்த கான்செர்ட்டோக்கள் உலகுக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

ஒன்று, இரண்டு, மூன்று

நல்ல ஒலிவாங்கியும் நல்ல நாடாவும் கைக்கு வந்தபின், எத்தனை ஒலிவாங்கி, எங்கே என்பதே பொறியாளர்களின் கேள்வியாயிற்று. 1951இல் மெர்க்குரி நிறுவனம் மிக எளிய விடையைத் தந்தது. சிகாகோ ஆர்க்கெஸ்ட்ரா அரங்கில் ரஃபேல் குபெலிக் முசோர்க்ஸ்கியின் ‘ஓவியக் காட்சி’யை நடத்த, பாப் ஃபைன் என்ற பொறியாளர் நடத்துநரின் தலைக்கு மேலே ஒரே ஒரு ஒலிவாங்கியைத் தொங்கவிட்டார். இசைக்குழுவின் சமநிலையை நடத்துநரே செய்யட்டும். பொறியாளர் அதில் கைவைக்கக் கூடாது என்பது கொள்கை. உயிரோடு எதிரே இருப்பது போன்ற உணர்வு என்று நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் எழுதியதையே நிறுவனம் தன் வரிசைக்குப் பெயராக வைத்துக்கொண்டது.

இருதட ஒலியின் கோட்பாடு அதற்கு இருபது ஆண்டு முந்தியது. ஈ.எம்.ஐ. பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931 டிசம்பரில் அதற்குக் காப்புரிமை கோரினார். ஒரே இடத்தில் இரு ஒலிவாங்கிகளை வெவ்வேறு திசை நோக்கி வைத்தால், ஒவ்வொன்றும் பெறும் ஒலியின் வலிமை வேறுபாட்டிலிருந்து திசையை மீட்டெடுக்கலாம் என்பது அவர் கண்டது. ஒரே தடத்தின் இரு சரிவுகளிலும் இரண்டு ஒலிகளைக் கீறும் வழியையும் அவர் அதிலேயே சொல்லியிருந்தார். 1934 ஜனவரியில் ஆபி ரோட்டில் பீச்சம் மொசார்ட்டின் ‘ஜூபிட்டர்’ சிம்பொனியை ஒத்திகை பார்த்ததை இவ்வாறு பதிவும் செய்தார். நிறுவனத்துக்கு அப்போது அதில் ஆர்வமில்லை. 1942இல் ராடார் சோதனை விமானம் விழுந்து முப்பத்தெட்டு வயதில் அவர் இறந்தார். அவர் சொன்ன தடம் 1958இல் இருதடத் தட்டாக உலகெங்கும் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் பெல் ஆய்வகமும் ஸ்டோகோவ்ஸ்கியும் தனி வழியில் சென்றனர்: 1933 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாவில் இசைக்குழு வாசித்தது மூன்று தொலைபேசித் தடங்களில் வாஷிங்டனுக்கு அனுப்பப்பட்டது. ஸ்டோகோவ்ஸ்கி மேடையில் நிற்காமல் வாஷிங்டனில் கருவிகளின் விசைகளைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

1954 மார்ச்சில் ஆர்.சி.ஏ. நிறுவனம் சிகாகோ ஆர்க்கெஸ்ட்ரா அரங்கில் ஃபிரிட்ஸ் ரைனர் நடத்திய ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் படைப்புகளை இருதட நாடாவில் பதிவு செய்தது. அவற்றுள் ‘ஸரதுஸ்ட்ரா’வின் தொடக்கத்தில் ஆர்கனின் தாழ்சுரத்துக்கு மேல் டிரம்பெட்டுகள் எழும் இடம், எழுபது ஆண்டு கடந்தும் பதிவுக் கலையின் அளவுகோலாக நிற்கிறது. இருதடத் தட்டு கடைக்கு வருவதற்கு நான்கு ஆண்டு முன்பே எடுத்த பதிவு அது. அந்த அரங்கை 1966இல் புதுப்பித்தபோது அதன் ஒலி வறண்டது. பிற்காலத்தில் ஜார்ஜ் ஷோல்டியின் சிகாகோ பதிவுகள் பல மெடைனா டெம்பிள் என்ற வேறு கட்டடத்துக்கு மாறின.

அதே 1954இல் டெக்காவின் ராய் வாலஸும் ஹேடியும் வகுத்த அமைப்பு ‘டெக்கா மரம்’ எனப் பெயர் பெற்றது. நடத்துநரின் தலைக்கு மேலே, சுமார் மூன்று மீட்டர் உயரத்தில், ஆங்கில ‘T’ எழுத்தைப் போல ஒரு சட்டம். அதன் இரு நுனியிலும் சுமார் இரண்டு மீட்டர் இடைவெளியில் ஒவ்வோர் ஒலிவாங்கி. மூன்றாவது இசைக்குழுவை நோக்கி நடுவில் முன்தள்ளி நிற்கும். புளூம்லைனின் முறை வலிமை வேறுபாட்டை நம்பியது. இதுவோ ஒலி ஒவ்வோர் ஒலிவாங்கிக்கும் வந்துசேரும் நேர வேறுபாட்டையும் பிடித்தது. நாலா திசையும் கேட்கும் ஒலிவாங்கிகள் என்பதால் அரங்கின் எதிர்முழக்கம் முழுமையாக உள்ளே வந்தது. திசைத் துல்லியத்தில் புளூம்லைன் முறையே மேல். ஆயினும் வில் வாத்தியங்களின் செழுமையிலும் அரங்கின் பரப்பிலும் டெக்கா மரத்துக்கு இணை இல்லை. திரைப்பட இசைக்காக இன்றும் லண்டனில் இசைக்குழுவைப் பதிவு செய்வோர் அதையே நாடுகின்றனர்.

வியன்னாவின் சோஃபியன்சாலில் இந்த முறையின் முழு ஆற்றலும் வெளிப்பட்டது. நீராவிக் குளியலுக்கும் நீச்சலுக்குமாகக் கட்டப்பட்டு, குளிர்காலத்தில் குளத்தை மூடி நடனக் கூடமாகப் பயன்பட்ட கட்டடம் அது. மரத்தளத்துக்கு அடியிலிருந்த வெற்றுக் குளமும் மேலே வளைந்த கூரையும் ஒலிக்குத் தனி வெம்மை தந்தன. தயாரிப்பாளர் ஜான் கல்ஷா, ஷோல்டியையும் வியன்னா ஃபில்ஹார்மோனிக் குழுவையும் கொண்டு வாக்னரின் ‘ரிங்’ நாடகங்கள் நான்கையும் 1958 முதல் 1965 வரை அங்கே பதிவு செய்தார். பாடகர்கள் எந்த வரியில் எங்கே நிற்க வேண்டும் என்பதற்குத் தரையில் எண்ணிட்ட கட்டங்கள் வரையப்பட்டன. முதல் நாடகத்தில் வாக்னர் கேட்ட பதினெட்டுப் பட்டறைக்கல்லும் உண்மையாகவே ஒலித்தன. மேடை நாடகங்களில் பெரும்பாலும் குறைத்து ஒப்பேற்றும் இடம் அது. நேரடி நிகழ்ச்சியின் நகலாக இருந்த தட்டு, கேட்பவரின் அறையிலேயே அமையும் மேடையாக இங்கே மாறியது.

கராயனின் பீத்தோவன் சிம்பொனித் தொகுப்பு 1961-62இல் பெர்லின் டாலெமிலுள்ள ஏசு கிறிஸ்து தேவாலயத்தில் பதிவாயிற்று. ஒன்பது சிம்பொனிகளும் எட்டு எல்.பி.களில் ஒரே பெட்டியாக, முன்சந்தா முறையில் 1963இல் விற்கப்பட்டன. வணிகரும் எதிர்பாராத வெற்றி அது. நடுத்தரக் குடும்பத்தின் அலமாரியில் ஒன்பது சிம்பொனியும் இருப்பது அதன்பின் இயல்பாயிற்று.

பல தடங்கள்

1960களின் இறுதியிலிருந்து ஒலிவாங்கிகள் பெருகின. ஒவ்வொரு வரிசைக்கும் தனி ஒலிவாங்கி. பதினாறு, இருபத்து நான்கு தடங்கள். வாசிப்பு முடிந்து பல வாரங்களுக்குப் பின்னும் சமநிலையை மாற்றலாம். வசதி இதில் உண்டு. இழப்பு அதைவிடப் பெரிது. அருகில் வைத்த ஒலிவாங்கி வாத்தியத்தைப் பிடிக்கும்; அரங்கைப் பிடிக்காது. ஓபோ நான்கு சுரம் வாசிக்கும்போது ஒளிவட்டத்தில் நிற்பது போல முன்னே வந்து, முடிந்ததும் பின்னே போகிறது. எந்த இருக்கையிலிருந்தும் எவரும் கேட்க முடியாத ஒலி அது. 1970களின் புகழ்பெற்ற பதிவுகள் பல இதனாலேயே 1950களின் பதிவுகளைவிட விரைவில் பழசாகத் தோன்றுகின்றன.

எண்முறைப் பதிவு 1970களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வளர்ந்து, 1982இல் குறுந்தகடாக வந்தது. நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். மெழுகில் ஒரே மட்டமாக வாசிக்க வேண்டியிருந்த இசைக்கு இப்போது 90 டெசிபலுக்கு மேற்பட்ட ஏற்ற இறக்கம் கிடைத்தது. தகட்டின் 74 நிமிடம் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனிக்காகவே வகுக்கப்பட்டது என்ற கதை பரவலானது. குறுந்தகட்டை உருவாக்கிய பொறியாளர்களில் ஒருவரான கீஸ் இம்மிங்க் வணிகக் காரணங்களையே முதன்மையாகச் சொல்கிறார்.

1987இல் ஹாங்காங்கில் கிளாஸ் ஹைமன் தொடங்கிய நாக்சாஸ் நிறுவனம் கிழக்கு ஐரோப்பிய இசைக்குழுக்களைக் கொண்டு மலிவு விலையில் பெரும் தொகுப்பை உருவாக்கியது. பெயர்பெற்ற குழுக்களைப் பேணுவதற்குப் பெருநிறுவனங்கள் தயங்கத் தொடங்கின. புடாபெஸ்ட், பிராகா போன்ற நகரங்களின் இசைக்குழுக்கள் உலகெங்கிலுமிருந்து பதிவு வேலைகளை ஏற்றன. இளையராஜா 2005இல் வெளியிட்ட திருவாசகம் இசைத்தொகுப்பில் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்ததும் இந்தச் சூழலில்தான். இசைக்குழுக்களே தம் பதிவுகளை வெளியிடும் முறையும் வந்தது: லண்டன் சிம்பொனி இசைக்குழு 1999இல் தன் நிறுவனத்தைத் தொடங்கியது, பெர்லின் ஃபில்ஹார்மோனிக் 2008இல் இணையவழி அரங்கைத் திறந்தது.

தட்டுகள் சொல்லும் சாட்சி

நூறாண்டுப் பதிவுகள் சேர்ந்தபின் அவை ஆவணமும் ஆயின. இங்கிலாந்தின் இசை ஆய்வாளர் ராபர்ட் ஃபிலிப் பழைய தட்டுகளைக் கேட்டு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில் வாத்தியக்காரர்கள் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்வது இயல்பாயிருந்ததையும், வேகம் வரிக்கு வரி நெகிழ்ந்ததையும் விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். கமகத்தில் பழகிய காதுக்கு எல்கரின் பதிவுகளிலுள்ள அந்த வழுக்கல் அழகாகவே கேட்கும். போருக்குப்பின் அது நாகரிகமற்றதாகக் கருதப்பட்டு மறைந்தது. தட்டே அதற்கு ஒரு காரணம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் பொருளில் துல்லியமே பாதுகாப்பானது.

மாலரின் ஐந்தாம் சிம்பொனியிலுள்ள ‘அடாஜியெட்டோ’ இதற்கு இன்னொரு சான்று. மாலரை நேரில் அறிந்த மெங்கெல்பெர்க் 1926இல் அதை ஏறத்தாழ ஏழு நிமிடத்திலும், வால்டர் 1938இல் எட்டு நிமிடத்துக்குள்ளும் வாசித்திருக்கின்றனர். 1980களின் இறுதியில் பெர்லினில் பெர்னார்டு ஹைடிங்க் எடுத்துக்கொண்டது பதினான்கு நிமிடத்துக்கு அருகில். தட்டின் பக்க அளவு அவசரப்படுத்தியதாகச் சொல்ல முடியாது. இரண்டு பக்கங்களில் ஒன்பது நிமிடம் வரை இடம் இருந்தது. காதல் மடலாக எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு பகுதி, அறுபது ஆண்டில் இரங்கற்பாவாக மாறியிருக்கிறது. இந்தப் பழைய தட்டுகள் இல்லாவிட்டால் அதை எவரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

கிங்ஸ்வே அரங்கின் அடியில் சுரங்க ரயில் ஓடியது. மென்மையான இடங்களில் அதன் உறுமல் பல புகழ்பெற்ற பதிவுகளில் கேட்கிறது. அதைச் சகித்துக்கொண்டே ஈ.எம்.ஐ.யும் டெக்காவும் அந்த அரங்கை விடாமல் பயன்படுத்தின. கடைசிப் பதிவு 1984 ஜனவரியில் நடந்தது. 1998இல் கட்டடம் இடிக்கப்பட்டு அந்த இடத்தில் ஒரு விடுதி எழுந்தது. சோஃபியன்சால் 2001 ஆகஸ்டில் தீப்பிடித்து எரிந்தது. பின்னர் சீரமைக்கப்பட்டாலும் ‘ரிங்’ பதிவான பழைய கூடம் அப்படியே மீளவில்லை. அந்த இரண்டு அரங்குகளும் எப்படி ஒலித்தன என்பதை இன்று தட்டுகளில் மட்டுமே கேட்க முடியும்.